அடகுக் கடை வழியாக ஒரு பொறியியல் இடம்

சங்கரன்கோவில் பக்கம் ஓர் அரசு உதவிபெறும் மேல்நிலைப் பள்ளியில் வேதியியல் நடத்துகிறேன். பிளஸ் டூ முடிவு வந்த நாளிலிருந்து செப்டம்பர் வரை என் வீட்டுத் திண்ணையில் பிளாஸ்டிக் உறையில் சான்றிதழ்களோடு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "சார், அரசாங்கம் எவ்வளவு தரும்?" பல ஆண்டுகள் நானும் அந்தக் கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். எப்போது தரும் என்று யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. 2024-ல் சேர்ந்த ஒரு மாணவியின் வரவு செலவை ரசீது ரசீதாக எழுதிவைத்த பிறகுதான், கேட்க வேண்டியது இரண்டாவது கேள்வி என்று புரிந்தது. குடும்பத்தின் ஒப்புதலோடு, பெயர்களை விட்டுவிட்டு, அந்தக் கணக்கை இங்கே தருகிறேன்.

வீடு

அப்பா விசைத்தறியில் கூலிக்கு நெய்கிறார். அம்மா வீட்டில் பீடி சுற்றுகிறார். அண்ணன் பாலிடெக்னிக் முடித்துவிட்டுத் திருப்பூரில் வேலை பார்க்கிறான்; அவன் சம்பளம் அவனுக்கே இழுபறி. தாசில்தார் அலுவலகம் தந்த வருமானச் சான்றிதழில் ஆண்டு வருமானம் 1,44,000 ரூபாய். பிற்படுத்தப்பட்ட வகுப்பு. மாணவியின் கட்-ஆஃப் 200-க்கு 158.

இந்த வீட்டுக்கு என்னென்ன உதவி பொருந்தும் என்று ஜூன் மாதத்தில் ஒரு தாளில் எழுதினோம். முதல் வரியையே அடிக்க வேண்டியிருந்தது. தொழிற்படிப்புகளில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலுக்கு அது 2021-ல் வந்தது. அதில் சேர்பவர்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கிறது. தமிழ்நாட்டில் ஓர் ஏழை மாணவருக்குக் கிடைக்கக்கூடிய ஆகப் பெரிய உதவி இதுதான் என்பது என் எண்ணம். ஆனால் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். எங்கள் பள்ளியில் ஆசிரியர் சம்பளம் அரசு தருகிறது, பாடநூல் அரசு தருகிறது, சத்துணவும் அரசுடையது. இருந்தும் அது அரசுப் பள்ளி இல்லை. அரசுப் பெண்கள் பள்ளி இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. ஐந்தாம் வகுப்பு முடித்த பெண் சாலையைக் கடக்க வேண்டாம் என்று அப்பா அன்று எங்கள் பள்ளியில் சேர்த்தார். அந்த இரண்டு தெருவின் விலை நான்கு ஆண்டுக் கல்விக் கட்டணம் என்று அன்று அவருக்குச் சொல்ல யாருமில்லை.

அடுத்த வரி முதல் பட்டதாரி சலுகை. 2010 முதல் நடைமுறையில் இருக்கிறது. குடும்பத்தில் அதுவரை யாரும் பட்டம் பெறாதிருந்து, கலந்தாய்வு வழியாகத் தொழிற்படிப்பில் சேர்ந்தால், கட்டணத்தில் சலுகை. தனியார் சுயநிதிக் கல்லூரியில் ஆண்டுக்கு 25,000 ரூபாய் கழியும். இங்கே ஒரு சின்ன முட்டுக்கட்டை. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்த பிறகு விசாரணைக்கு வந்த விஏஓ, "பையன் பாலிடெக்னிக் முடித்திருக்கிறானே" என்று தயங்கினார். டிப்ளமா பட்டம் ஆகாது. அதை எடுத்துச் சொல்லி, அண்ணனின் டிப்ளமா சான்றிதழ் நகலையும் இணைத்த பிறகு சான்று வந்தது. இதற்குப் பதினெட்டு நாட்கள். நல்லவேளையாக மே கடைசியிலேயே விண்ணப்பித்திருந்தோம்.

மூன்றாவது, பீடித் தொழிலாளர் பிள்ளைகளுக்கு மத்தியத் தொழிலாளர் நலத்துறை தரும் உதவித்தொகை. தொழிற்படிப்புக்கு ஆண்டுக்கு 25,000 ரூபாய் வரை கிடைக்கும். அம்மா பதினேழு வயதிலிருந்து பீடி சுற்றுகிறார். "அடையாள அட்டையைக் கொண்டு வாருங்கள்" என்றேன். அவர் மகளைப் பார்த்தார், மகள் என்னைப் பார்த்தாள். அட்டை அம்மாவின் அண்ணி பெயரில் இருக்கிறது. பாஸ்புத்தகமும் அண்ணி பெயரில்தான். அண்ணி கணக்கில் இலை வாங்கி, அண்ணி கணக்கில் பீடி ஒப்படைத்து, கூலியை மட்டும் கையில் வாங்கிக்கொள்வது இருபது ஆண்டுப் பழக்கம். எங்கள் பகுதியில் இது புதுமை இல்லை. தட்டை மடியில் வைத்து இருபது ஆண்டு உழைத்தவர், காகிதத்தில் பீடித் தொழிலாளியே இல்லை. அந்த வரியையும் அடித்தோம்.

நான்காவது புதுமைப் பெண் திட்டம். தாலிக்குத் தங்கம் தந்துகொண்டிருந்த மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் திட்டத்தைக் கல்லூரிப் படிப்புக்கு மாதம் 1,000 ரூபாய் தரும் திட்டமாக மாற்றி 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கினார்கள். அப்போது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும். 2024 பிப்ரவரி நிதிநிலை அறிக்கையில், அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ் வழியில் படித்தவர்களுக்கும் உண்டு என்று அறிவித்தார்கள். தாளில் பச்சை மையால் எழுதிய முதல் வரி அதுதான். ஆனால் ஜூனில் அது வெறும் அறிவிப்பு.

பிற்படுத்தப்பட்டோர் உதவித்தொகையும் இருந்தது. குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருக்க வேண்டும், கல்லூரியில் சேர்ந்த பிறகு, கல்லூரி மாணவர் விவரங்களுக்கான அரசின் யூமிஸ் தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வரும்போது வரட்டும் என்று அதைக் கணக்கில் சேர்க்கவில்லை. கடைசி வரி, கல்விக் கடன்.

இருபது நிமிடம்

கலந்தாய்வில் விருப்பப் பட்டியல் நிரப்புவதைத் தகுதி, பாடப்பிரிவு சம்பந்தப்பட்ட வேலையாகத்தான் எல்லோரும் நினைக்கிறோம். உண்மையில் ஒரு குடும்பம் அதுவரை எடுத்ததிலேயே மிகப் பெரிய பண முடிவு அது. இந்த மாணவி அதை ஒரு பிரௌசிங் சென்டரில் இருபது நிமிடத்தில் முடித்தாள். நானும் பக்கத்தில் இல்லை. கம்ப்யூட்டர் சயின்ஸ் உள்ள கல்லூரிகளை மட்டும் வரிசையாகப் போட்டிருந்தாள்.

முந்தைய ஆண்டின் கடைசிக் கட்-ஆஃப்களை வைத்துப் பார்த்தால், திருநெல்வேலிப் பக்கம் ஓர் அரசுக் கல்லூரியில் சிவில் அவளுக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. அரசுக் கல்லூரியில் கல்விக் கட்டணம் சொற்பம். அதுவும் முதல் பட்டதாரி சலுகையில் கழிந்துவிடும். சிவில் படித்திருக்க வேண்டும் என்று நான் சொல்லவரவில்லை. கம்ப்யூட்டர் படிக்க வேண்டும் என்பது அவள் ஆசை. அதற்கு அவளுக்கு முழு உரிமை உண்டு. இரண்டுக்கும் நடுவே நான்கு ஆண்டில் ஏறக்குறைய மூன்று லட்சம் வித்தியாசம் என்று தெரிந்து அதைத் தேர்ந்தெடுத்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம்.

அமெரிக்காவில் இந்த வரிசை வேறு. அங்கே குடும்பங்கள் மத்திய அரசின் ஒரே படிவத்தை நிரப்புகின்றன. அதை வைத்து ஒவ்வொரு கல்லூரியும், இவ்வளவு உதவி, மீதி இவ்வளவு நீங்கள் கட்ட வேண்டும் என்று கடிதம் அனுப்புகிறது. அதைப் பார்த்துவிட்டுத்தான் எங்கே சேர்வது என்று முடிவெடுக்கிறார்கள். அந்த ஏற்பாட்டிலும் தேதி தவறினால் எல்லாம் தலைகீழ்தான். வழக்கமாக அக்டோபர் 1-ல் திறக்கும் அந்தப் படிவம், 2024-25 கல்வியாண்டுக்கு 2023 டிசம்பர் கடைசியில்தான் திறந்தது. விவரங்கள் கல்லூரிகளுக்குப் போய்ச் சேர மார்ச் ஆகிவிட்டது. கடிதம் வராமல் முடிவெடுக்க முடியாமல் குடும்பங்கள் தவித்தன. நம் குடும்பங்களுக்குக் கடிதம் என்ற ஒன்றே கிடையாது; தவிப்பு மட்டும் ஆண்டுதோறும் உண்டு.

சீட்டு

ஆகஸ்டில் ஒதுக்கீட்டு ஆணை வந்தது. ஊரிலிருந்து 25 கிலோமீட்டரில் ஒரு சுயநிதிக் கல்லூரி, அவள் கேட்ட கம்ப்யூட்டர் சயின்ஸ். சில நாட்களுக்குள் பணம் கட்டிச் சேராவிட்டால் இடம் கைவிட்டுப் போகும்.

அலுவலகத்தில் தந்த சீட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது. கல்விக் கட்டணம் 55,000. பஸ் 26,000. பயிற்சிக் கட்டணம் 18,000. சீருடை, புத்தகம் 9,000. காப்புத் தொகை 5,000. மொத்தம் 1,13,000 ரூபாய். கலந்தாய்வு இடத்துக்கான கட்டணத்தைக் கட்டண நிர்ணயக் குழு வரையறுக்கிறது. தரச்சான்று பெற்ற பாடப்பிரிவுக்கு அப்போது அந்தத் தொகை 55,000. அப்பா மாதக்கணக்கில் கேட்டு வைத்திருந்தது அந்த எண்ணை மட்டும்தான். "ஐம்பத்தைந்தில் இருபத்தைந்து போனால் முப்பது" என்று விரல்விட்டு எண்ணி, முப்பதாயிரத்துக்கு வழி செய்துவைத்திருந்தார். அதிலும் பாதி கடன் சொல்லிவைத்தது. சீட்டில் பாதிக்கும் மேல் அவர் கேள்விப்படாத வரிகள்.

முழுத் தொகையையும் கட்டுங்கள், அரசு தந்ததும் திருப்பித் தருகிறோம் என்றார் கணக்கர். ஒதுக்கீட்டு ஆணையிலேயே முதல் பட்டதாரி என்று இருப்பதைக் காட்டிய பிறகு 25,000 ரூபாயைக் கழித்தார். ஆணையை எடுத்துப் படிக்காத எத்தனை பேர் முழுசாகக் கட்டிவிட்டுப் போயிருப்பார்கள் என்று தெரியவில்லை. மீதி 88,000.

கையில் இருந்தது 15,000. பக்கத்து வீட்டில் 8,000. மிச்சம் 65,000 ரூபாய்க்கு அம்மாவின் இரண்டு சவரன் சங்கிலி அடகுக்குப் போனது. அப்போது சவரன் 53 ஆயிரத்தை ஒட்டி இருந்தது. நூற்றுக்கு ஒரு ரூபாய் வட்டி, அதாவது மாதம் 650. அடகுக் கடையில் உரசிப் பார்த்து, எடை போட்டு, பணத்தை எண்ணிக் கொடுக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. வருமானச் சான்றிதழும் கேட்கவில்லை.

வங்கி

இந்தப் பகுதியை நீட்டி எழுதுகிறேன், ஏனென்றால் நான் தவறு செய்த இடம் இதுதான்.

கல்விக் கடனின் பொது விதிகள் சிக்கலானவை அல்ல. நான்கு லட்சம் வரை பிணை வேண்டாம். பெற்றோர் கூட்டுக் கடன்தாரராகக் கையெழுத்திட்டால் போதும், கைப்பணமும் போட வேண்டியதில்லை. ஏழரை லட்சம் வரையிலான கடனுக்கு 2015-ல் வந்த கடன் உத்தரவாத நிதி துணை நிற்கிறது. படிப்புக் காலமும் அதற்குமேல் ஓராண்டும் தவணை கிடையாது. பிறகு பதினைந்து ஆண்டு வரை கட்டலாம். வித்யா லட்சுமி தளத்தில் விண்ணப்பிக்க வேண்டும். கல்லூரியில் சேர்ந்ததற்கான போனஃபைடு சான்றும் நான்கு ஆண்டுக் கட்டண விவரமும் இல்லாமல் விண்ணப்பம் நகராது. சேர வேண்டுமானால் பணம் கட்ட வேண்டும். ஆகவே முதல் ஆண்டுக் கட்டணத்துக்கு என்று வாங்கும் கடன், முதல் ஆண்டுக் கட்டணத்தைக் கட்டிய பிறகுதான் பெரும்பாலும் கைக்கு வருகிறது.

செப்டம்பரில் கிளைக்குப் போனோம். முதல் தடவை, கட்டண விவரத்தில் சலுகை கழிக்கப்படவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். கல்லூரியில் புதிய கடிதம் வாங்கப் பத்து நாள். இரண்டாம் தடவை, அப்பாவின் சிபில், அதாவது பழைய கடன்களை எப்படிக் கட்டினார் என்று காட்டும் அறிக்கை. 2019-ல் வாங்கிய இருசக்கர வாகனக் கடனில் ஊரடங்கின்போது சில தவணைகள் நின்றுபோயின. பிறகு நிறுவனத்தோடு பேசி ஒரே தொகையாகக் கட்டி முடித்துவிட்டார். முடித்தது என்று அவர் நினைத்தார். அறிக்கையில் 'முடிக்கப்பட்டது' என்று இல்லை, 'சமரசம்' என்று இருந்தது. குறைத்துக் கட்டி முடித்த கடனுக்கு அந்த முத்திரைதான் விழும். அதை வங்கிகள் பாக்கி வைத்தவன் என்றே வாசிக்கின்றன.

மாணவரின் சிபில் மதிப்பெண் குறைவு என்பதை மட்டும் காரணம் காட்டிக் கல்விக் கடனை மறுக்கக் கூடாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023-ல் சொல்லியிருக்கிறது. அதை மேனேஜரிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அது கேரளா சார், இது அப்பாவின் ஸ்கோர்" என்றார். சட்டப்படி அவர் சொன்னதில் தவறில்லை. அம்மாவைக் கூட்டுக் கடன்தாரராகப் போடலாமா என்று கேட்டதற்கும் நேரடி பதில் இல்லை. அக்டோபரில் மாவட்ட நிர்வாகம் நடத்திய கல்விக் கடன் முகாமில், மாவட்ட வங்கிகளை ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரிடம் கோப்பைக் கொடுத்தோம். அங்கே அம்மா பெயரில் எடுத்துக்கொண்டார்கள். நவம்பரில் 3,20,000 ரூபாய் அனுமதியானது, ஆண்டுக்கு 80,000 வீதம்.

அம்மா அன்று சாயங்காலம் கேசரி செய்து கொடுத்தனுப்பினார். சங்கிலி திரும்பிவிடும் என்று எல்லோரும் நினைத்தோம்.

வங்கி 80,000 ரூபாயை நேரே கல்லூரிக்கு அனுப்பியது. கல்லூரி அதை அடுத்த ஆண்டுக் கணக்கில் வரவு வைத்தது. முதல் ஆண்டுக் கட்டணம்தான் ஏற்கெனவே கட்டியாயிற்றே! திருப்பித் தரும் வழக்கமில்லை என்றார்கள். இரண்டாம் ஆண்டு வந்தபோது கட்டண பாக்கி இல்லை. பாக்கி இல்லாததால் வங்கியிலிருந்து அடுத்த தவணை வாங்கவும் காரணமில்லை. ஆக, ஆகஸ்டில் குடும்பம் புரட்டிக் கட்டிய பணம் படிப்பு முடியும்வரை கல்லூரிக் கணக்கில் முன்பணமாக நிற்கும். கடன் ஓராண்டு பின்தங்கியே ஓடும்.

விண்ணப்பத்திலேயே, முதல் ஆண்டுக் கட்டணம் செலுத்தியாயிற்று, ரசீது இணைத்திருக்கிறோம், அந்தத் தொகையை மாணவியின் கணக்கில் தரவும் என்று எழுதிக் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் தரும் கிளைகள் உண்டு. எனக்கு அது தெரியும். எழுதச் சொல்ல மறந்துவிட்டேன்.

ஒரு விஷயத்தை மறக்கவில்லை. குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக் கடனுக்குப் படிப்புக் காலத்திலும் அடுத்த ஓராண்டிலும் ஏறும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் 2009 முதல் இருக்கிறது. வங்கிதான் அதைக் கேட்டுப் பெற வேண்டும்; வருமானச் சான்றிதழ் கோப்பில் இல்லையென்றால் வங்கி கேட்காது. 10 சதவீத வட்டி, ஆண்டுக்கு 80,000 வீதம் நான்கு தவணை, ஐந்தாம் ஆண்டு முடிவில் கட்டத் தொடங்குவது என்று வைத்துக்கொள்வோம். முதல் தவணைக்கு ஐந்து ஆண்டு வட்டி 40,000. அடுத்தவற்றுக்கு 32,000, 24,000, 16,000. கூட்டினால் 1,12,000. மானியம் இல்லாவிட்டால் 4,32,000 ரூபாயிலிருந்து தவணை ஆரம்பிக்கும். பத்து ஆண்டில் கட்டினால் மாதம் சுமார் 5,700. மானியம் கிடைத்தால் மாதம் சுமார் 4,230. ஒரு சான்றிதழ் நகல் கோப்பில் இருக்கிறதா இல்லையா என்பதற்குப் பத்து ஆண்டில் ஒன்றே முக்கால் லட்சம் ரூபாய் விலை. ஜனவரியில் நானே போய் நகலைக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்கி வந்தேன்.

அதே நவம்பரில், பிணையில்லாமல் கல்விக் கடன் தரும் பி.எம். வித்யாலட்சுமி திட்டத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. டிவியில் பார்த்துவிட்டுத் தெருவில் நான்கு பேர் வந்துவிட்டார்கள். தரவரிசையில் முன்னணியில் உள்ள 860 கல்வி நிறுவனங்களில் தொடங்கும் திட்டம் அது. இவள் கல்லூரி அந்தப் பட்டியலில் இல்லை.

வராத ஐம்பதாயிரம்

பொறியியல், பாலிடெக்னிக் படிக்கும் பெண்களுக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏஐசிடிஇ) தரும் பிரகதி உதவித்தொகை ஆண்டுக்கு 50,000 ரூபாய். குடும்ப வருமானம் எட்டு லட்சத்துக்குள் இருந்தால் போதும், ஒரே வீட்டில் இரண்டு பெண்கள் வரை விண்ணப்பிக்கலாம். மதிப்பெண் அடிப்படையில் தேர்வு. அவள் தேறியிருப்பாளா என்பது வேறு விஷயம். ஜூனில் நாங்கள் எழுதிய தாளில் இந்த வரியே இல்லை, என் தாளிலேயே இல்லை. அக்டோபர் கடைசியில் கல்லூரித் தோழி ஒருத்தி சொல்லித்தான் தெரிந்தது. இரவோடிரவாகத் தேசிய உதவித்தொகைத் தளத்தில் விண்ணப்பித்தாள். கல்லூரியின் பொறுப்பாளர் அதைத் தளத்தில் சரிபார்த்து மேலே அனுப்ப வேண்டும். அவள் மூன்று முறை அவர் அறைக்குப் போனாள். ஒருமுறை அவர் விடுப்பு, ஒருமுறை தளம் வேலை செய்யவில்லை, மூன்றாம் முறை தேதி முடிந்திருந்தது. முதலாம் ஆண்டைத் தவறவிட்டால் மறுபடி புதிதாக விண்ணப்பிக்க வழியில்லை.

ஆயிரம் ரூபாய்

2024 டிசம்பர் 30 அன்று தூத்துக்குடியில் புதுமைப் பெண் திட்டத்தின் விரிவாக்கத்தைத் தொடங்கிவைத்தார்கள். தோழிகளின் கைப்பேசிகளில் குறுஞ்செய்தி வந்தது, இவளுக்கு வரவில்லை. கல்லூரியில் கேட்டால் பணம் போய்விட்டது என்கிறார்கள், பாஸ்புத்தகத்தில் வரவில்லை. இரண்டு வாரம் அலைந்த பிறகு கண்டுபிடித்தோம். இத்தகைய பணம் நாம் எழுதிக் கொடுக்கும் கணக்கு எண்ணுக்குப் போவதில்லை. எந்தக் கணக்கு ஆதாரோடு நேரடிப் பணப் பரிமாற்றத்துக்குப் பிணைக்கப்பட்டிருக்கிறதோ அதற்குப் போகிறது. அவளுக்கு ஆறாம் வகுப்பில் பள்ளி உதவித்தொகைக்காக வேறொரு வங்கியில் திறந்த கணக்கு ஒன்று இருந்தது. ஆண்டுக்கணக்கில் யாரும் தொடாமல் முடங்கிக் கிடந்தது. ஆயிரம் ரூபாய் அதில் இருந்தது.

கணக்கை உயிர்ப்பித்து எடுத்தபோது பிப்ரவரி. அந்த மாதத்திலிருந்து ஆயிரத்தில் 650 அடகு வட்டிக்குப் போகிறது. மீதி 350 அவள் செலவுக்கு.

இப்போது

அதன் பிறகு வருபவர்களிடம் ஜூனில் ஒரு தாளை நீளவாக்கில் இரண்டாக மடித்துக் கொடுக்கிறேன். இடப்பக்கம் கல்லூரி எந்தத் தேதியில் எவ்வளவு கேட்கும். வலப்பக்கம் எந்த உதவி எந்தத் தேதியில் வரும். ஆகஸ்ட் வரிசையில் வலப்பக்கம் ஏறக்குறைய காலியாகவே இருக்கும். அந்தக் காலி இடத்தைப் பார்த்ததும் சிலர் விருப்பப் பட்டியலை மாற்றுகிறார்கள். சிலர் ஜூனிலேயே ஏலச்சீட்டை எடுத்துக் கையில் பணம் வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர், மகளுக்கு இன்னும் பத்து வயதுதான், பள்ளி மாற்றுச் சான்றிதழ் வாங்க எப்போது வரலாம் என்று கேட்டார். சொந்தப் பள்ளியின் சேர்க்கையைக் குறைக்கும் ஆலோசனைதான். அரசுப் பள்ளிக்கு வழி சொல்லி அனுப்பினேன்.

2025 ஆகஸ்டில் அடகின் ஓராண்டு முடிந்தது. அம்மாவுக்குத் துணையாக நானும் கடைக்குப் போனேன். சவரன் 75 ஆயிரத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. "அதே நகைக்கு இன்னும் முப்பதாயிரம் தரலாம் அம்மா, எழுதட்டுமா?" என்றார் கடைக்காரர். அம்மா வேண்டாம் என்று தலையசைத்து, அந்த மாத வட்டியைக் கட்டி, சீட்டைப் புதுப்பிக்கச் சொன்னார். பிறகு, ஒருமுறை பார்க்கலாமா என்று கேட்டார். கடைக்காரர் துணிப்பையைப் பிரித்துச் சங்கிலியைத் தராசில் வைத்தார். பதினாறு கிராம். திரும்பப் பையில் போட்டு அரக்கு வைத்தார்.